படத்தின் மேல் பாதி

எத்திராஜ் நல்லா வரைவான், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில், தகரக் கொட்டகைக்குள் ஓர் அச்சு மெஷின் வைத்து மாதப் பத்திரிகை நடத்தினான். முந்நூறு பிரதி. பாதி, டீக்கடையில் பஜ்ஜி மடிக்கப் போகும். தொண்ணூற்றாறு ஆடி இதழில் ஒரு கார்ட்டூன். எங்கள் அம்மன் நாக்குத் தள்ள நாலு காலில் தவழ்கிறாள். அவள் முதுகில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்து, கும்பிட்டபடி ஓட்டுக் கேட்கிறேன். கோயில் கமிட்டித் தலைவன் நான். கவுன்சிலருக்கு நிற்கப்போவது ஊருக்கே தெரியும்.

நேரில் போனேன். சின்ன வயசிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள்.

"இன்னா மச்சான், இப்டி போட்டுகீறே?"

"பத்திரிகை நடத்துறவன் உன்னைக் கேட்டுகினா வரைவான்? நீ அம்மா முதுக உட்டு எறங்கு வேம்புலி, நானும் படத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்று சிரித்தான்.

நியாயமான பேச்சுதான். ஆனால் டீக்கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, அம்மனுக்காக ஒருத்தனுக்கும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கத்தரிக்கோலால் என்னை வெட்டி எடுத்தேன். அம்மன் மட்டும் மிச்சம், நாலு காலில். ஆவடி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை பந்தல் கால்களில் ஒட்டினேன். கூழுக்கு வந்த பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

கூட்டம் கொட்டகைக்குப் போனது. கொளுத்தியது யாரென்று எனக்குத் தெரியாது. எத்திராஜ் வெளியேதான் நின்றான், சட்டை கிழிந்து. "இது பாதிப் படம்பா. முழுசு உள்ள கீது, எட்தாந்து காட்றேன்," என்று எரிகிற கொட்டகைக்குள் ஓடினான்.

அவன் மனைவி தாட்சாயிணி என் காலைப் பிடித்தாள். "அண்ணாத்தே, நீ சொன்னா கேப்பாங்கோ."

கதவைச் சாத்திக் கொண்டி போட்டது நான்தான். காற்றுப் பட்டால் பக்கத்துக் குடிசைகளுக்குப் பரவிவிடும் என்றுதான். கொண்டி போடும்போதும் அவள் என் காலை விடவில்லை. உள்ளேயிருந்து மூன்று முறை தட்டினான். நாலாவது தட்டுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

எல்லாம் அம்மனுக்காகச் செய்தது, எனக்காக ஒன்றுமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெட்டிய மேல் பாதி என் வீட்டில்தான் இருக்கிறது, பிரேம் போட்டு. கிழிக்க மனசு வரவில்லை. என் மூக்கை அப்படியே கொண்டுவந்திருக்கிறான், ஐயா.