மஹருக்குக் கேட்ட டிஸ்க்

ஒலுவிலிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவனுக்கு அடுத்த மாதம் கலியாணம்.

"எனக்குச் சொந்தமா ஒரு கேமும் இல்லயாம், மௌலவி சொல்லிட்டார்," என்றான் அவன்.

"நெட்டுல காசு குடுத்து வாங்கின கேம் ஒன்ட அக்கவுண்ட்ல அவ்வளவு கிடக்கே."

"நானும் அதத்தான் சொன்னன். கலியாணத்துக்கு நான் பொண்ணுக்குக் குடுக்கிற மஹர்ல, நகையோட ஒரு கார் ரேஸ் கேமையும் அவ கேட்டிருக்கா. அக்கவுண்ட்ல இரிக்கி, அதயே குடுக்கன் எண்டன். 'அத வேற ஆளுக்கு விக்க ஏலுமா, குடுக்க ஏலுமா' எண்டு கேட்டார். ஏலா எண்டன். 'அப்ப ஒன்ட இல்லாததை எப்பிடி மஹராக் குடுப்பாய்' எண்டார்."

"ஞாயம்தானே."

"ஓம். டிஸ்க் எண்டா கையில குடுக்கலாம். அதான் கல்முனையில அந்தக் கேம்ட பழைய டிஸ்க் தேடிப் போறன்."

"டிஸ்க்கப் போட்டு விளையாட அவக்கிட்ட கேம் மெஷின் இல்லயே."

"என்டத கொண்டு போவன். நான் அவட ஊட்டதானே இரிக்கப் போறன்."

நிந்தவூரில் ஆட்கள் ஏறினார்கள். மற்றவன் உள்ளுக்குத் தள்ளி இருந்துகொண்டு கேட்டான்.

"ஊடும் அவட, டிஸ்க்கும் அவட. நீ கோவிச்சிக்கிட்டு ஊட்ட உட்டு வெளிக்கிட்டா ஒனக்கு என்ன மிச்சம்?"

"மெஷின் இரிக்கி, அக்கவுண்டும் இரிக்கி."

"அப்ப பயமில்ல, எந்த நேரமும் வெளிக்கிடலாம்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எப்பிடி வெளிக்கிடுற? சின்னதுல இருந்து அவவோட அந்தக் கேம் விளையாடுறன். இன்னும் ஒருக்காவும் நான் வெல்லல்ல."