சத்தம் குறைத்த வல்லூறு

...சால்வையெல்லாம் அப்புறம் போடலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை இருக்கு, அதைச் சொல்லிடறேன். பின்வரிசையில முறுக்கு கடிக்கிறவங்க கொஞ்சம் மெதுவா கடிங்க... சத்தத்தைப் பத்தின கதை இது!

கோயம்புத்தூர்ல விஜயரங்கன்னு ஒருத்தர். பந்தயக் கார் செய்யுறவர். பெரிய ஃபேக்டரி இல்லீங்க, ஒரே ஒரு ஷெட்டு. அவர் காருக்குப் பேரு வல்லூறு. அது ஸ்டார்ட் ஆனா... பக்கத்துத் தெருவுல தூங்குற குழந்தை எந்திரிச்சிடும். தாய்மாருங்க திட்டுவாங்க. ஆனா பந்தயத்துல அது வளைவுல திரும்புற அழகைப் பார்க்கணுமே... அடடா!

பேரு வாங்கின வண்டிதான். ஆனா வாங்க ஆள் வரணுமே? எத்தனை பேர் பந்தயக் கார் வாங்குவாங்க? ஆர்டர் குறைஞ்சுபோச்சு. ஷெட்டை மூடினா அத்தனை தொழிலாளி குடும்பமும் தெருவுல நிக்கணும். மனுஷன் தூக்கத்தைத் தொலைச்சுட்டார்.

அந்த நேரத்துல ஒரு நல்ல சேதி. நாடு முழுக்க கார் விக்கிற பெரிய கம்பெனி ஒண்ணு, இவங்க கம்பெனியை வாங்கிக்கலாமான்னு யோசிக்குது. கம்பெனித் தலைவி சுலோச்சனா அம்மாவே நேர்ல வந்து வண்டியை ஓட்டிப் பார்க்கப் போறாங்க!

ஷெட்டுல ஒரே பரபரப்பு. விஜயரங்கன் கூப்பிட்டுச் சொல்றார்: "அவங்க பெரிய மனுஷங்கப்பா. சத்தமே வராத கார் செய்யுறவங்க. நம்ம வண்டி போடுற கூப்பாட்டைக் கேட்டா காதைப் பொத்திக்கிட்டுப் போயிருவாங்க." மேஸ்திரி சவரிமுத்து, "ஏனுங்ணா, மாத்திட்டாப் போச்சு!"ங்கிறார். மாத்தினாங்க. சைலன்சரை மாத்தி சத்தத்தை அடக்கினாங்க. இறுக்கமான ஸ்பிரிங்கைக் கழட்டி இளக்கமானதைப் போட்டாங்க. சீட்டுக்கு மெத்து மெத்துன்னு பஞ்சு வேற!

அம்மா வந்தாங்க. ஓட்டினாங்க. பந்தயப் பாதையில ஒரு சுத்து. திரும்பி வந்து இறங்கினாங்க... முகத்துல சிரிப்பைக் காணோம்.

"எப்படிங்க மேடம் இருக்கு?"

"நல்லா இருக்கு."

நல்லா இருக்குன்னு சொல்றாங்க, ஆனா கால் வாசலைப் பார்த்து நடக்குது! அந்தம்மா நின்னு சொன்னாங்க: "தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி கார் எங்க ஃபேக்டரியில நிமிஷத்துக்கு நிமிஷம் வெளிய வருது. இன்னொண்ணை வாங்கி நான் என்ன பண்றது?"

தான் வந்த காரோட கதவைத் திறந்துட்டாங்க. ஏறிட்டா... எல்லாம் முடிஞ்சுது. விஜயரங்கன் ஓடினார் பாருங்க! வேட்டி தடுக்குது, அப்பவும் ஓடுறார்.

"மேடம்! மேடம்! அது எங்க வண்டி இல்லீங்க!"

"அப்புறம் யார் வண்டி?"

"உங்க வண்டிங்க! உங்களுக்குப் பிடிக்கணுமேன்னு, நாங்களே உங்க வண்டி மாதிரி மாத்திட்டோமுங்க. எங்க வண்டி... கொஞ்சம் சத்தம் போடுமுங்க."

அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. கார்க் கதவைச் சாத்தினாங்க. "ஒரு நாற்காலி போடுங்க. ஒரு டீ சொல்லுங்க. அந்தச் சத்தத்தைக் கேட்காம நான் போகமாட்டேன்."

பழைய சைலன்சர் வந்துச்சு, பழைய ஸ்பிரிங் வந்துச்சு. சவரிமுத்து பஞ்சைப் பிடுங்கி வெளிய எறிஞ்சார். அந்தம்மா ஏறி உக்காந்து சாவியைத் திருகினாங்க... ஷெட்டுக் கூரை அதிருது! பறந்தாங்க. ஒரு சுத்துன்னு போனவங்க நிறுத்தவே மாட்டேங்கிறாங்க. இறங்கும்போது கொண்டை அவிழ்ந்து கிடக்கு, கண்ணாடி மூக்கு நுனியில நிக்குது. வாய் கொள்ளாத சிரிப்பு!

"இதுக்குத்தானே நான் வந்தேன்... எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை?"

அன்னைக்கே பேசி முடிச்சாங்க. ஒரு ஆளையும் வீட்டுக்கு அனுப்பல. விஜயரங்கன் கையெடுத்துக் கும்பிட்டார், கண்ணுல தண்ணி. "எங்க எல்லாரையும் காப்பாத்திட்டீங்க. இந்த நன்றிக் கடனை எப்படித் தீர்க்கப் போறேன்னு தெரியலீங்க."

அதுக்கு அந்தம்மா சொன்னாங்க: "சத்தத்தைக் குறைச்சுடாதீங்க. அது போதும்."

...எதுக்கு இந்தக் கதை? கபடி மேடையில இவனுக்கு எதுக்குக் கார்னு பார்க்குறீங்களா?

நம்ம வேடசந்தூர்ப் பொண்ணுங்க அணி... ஆதரிக்க ஆள் இல்லாம கலைஞ்சு போக இருந்துச்சு. இந்தப் பிள்ளைங்க பயிற்சியை விட்டுட்டு வேற வேலைக்குக் கிளம்ப இருந்தாங்க. அப்ப வந்தார் நம்ம நல்லமுத்து ஐயா. "என் கபடிக் கழகத்தோட சேர்ந்துக்கங்க"ன்னார். தங்க இடம், சாப்பாடு, ஆட மைதானம்... ஐயா, நீங்க நல்லா இருக்கணும்! மனசாரச் சொல்றேன், உங்களை இந்த ஊரு மறக்காது.

ஆனா போன வாரம் பயிற்சி ஆட்டம் பார்க்கப் போனேன். கேப்டன் தவமணி 'கபடி கபடி'ன்னு பாடிப் போறா... நோயாளி படுத்திருக்கிற ரூமுக்குள்ள போற மாதிரி! இன்னொரு பிள்ளை கழகத்து மூத்த வீராங்கனையோட காலைப் பிடிச்சுட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா"ன்னு விட்டுடுது! ஏம்மா? காலைப் பிடிக்கத்தானே கபடி?

எத்தனை வருஷமா உங்க ஆட்டத்துக்கு மைக் பிடிச்சவன் நான். என் மைக்கையே அமுக்கின சத்தமாச்சே உங்களது! சோறு போட்ட இடத்துல அடக்கமா இருக்கணும்னு நினைக்கிறீங்க. உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா ஐயா உங்களைக் கூப்பிட்டது எதுக்கு? அமைதியா ஆடுறதுக்கா? அமைதியா ஆடுற ஆளுங்க அவர்கிட்ட இல்லையா? கையெடுத்துக் கும்பிடுங்க, வேண்டாங்கல. ஆனா உங்களை நம்பினவருக்கு உங்க முழு ஆட்டத்தைக் கொடுங்க. பெரிய நன்றி அதுதான்.

தவமணி... எந்திரிம்மா. ஐயாவுக்கு நன்றி சொல்லணும்னு காலையில இருந்து பேப்பர்ல எழுதி எழுதி அடிச்சுக்கிட்டு இருந்தியே... அந்தப் பேப்பரை மடிச்சு வை. மேல வா. மூச்சைப் பிடி...

பாடு!

...எனக்குக் கேட்கலையே... இன்னும் சத்தமா!