மூன்றாவது கிளிப்

தங்கை: என்னண்ணே, ஏர் ஃபில்டர் மூடியைத் தொறந்த வேகத்துலயே மூடிட்ட?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல. ஃபில்டர் அழுக்கா இருக்கு. கிளம்பு, போலாம்.

தங்கை: கிளம்பறதா? முக்கால் மணி நேரமா வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்துட்டு, ‘இப்படி ஒரு வண்டி கெடைக்காது’ன்னு சொன்ன வாய்தானே இது?

மெக்கானிக்: அது அடியில பாத்தப்போ. இப்ப மேல பாக்குறேன்ல?

கடைக்காரர்: தம்பி, ஃபில்டர் அழுக்குன்னு யாராவது நான் விக்கிற காரையே வேணாம்னு சொல்லுவாங்களா? கண்ணாடியில தூசின்னு கண்ணையே வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு.

மெக்கானிக்: நீங்க மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க சார், அதைப் பத்திப் பேசுங்க. இந்த மூடிக்கு மூணு கிளிப்பு. மூணாவது சரியாவே விழல. யாரோ சமீபத்துல தொறந்திருக்காங்க. யாரு?

கடைக்காரர்: ...வண்டின்னா நாலு பேரு தொறப்பாங்க.

மெக்கானிக்: நாலு பேருல ஒருத்தருக்கும் கிளிப் மாட்டத் தெரியலையே. தொழில் தெரிஞ்ச கை இல்ல இது.

தங்கை: கிளிப்பை விடுண்ணே. திங்கக்கிழமை எனக்கு வேலை ஆரம்பிக்குது. ஒரு நாளைக்கு ஏழு வீடு. எல்லாம் படுத்த படுக்கையா இருக்கிறவங்க. புண்ணுக்குக் கட்டு மாத்தணும், ஊசி போடணும். பஸ்ஸுல போனா மூணு வீட்டுக்கு மேல முடியாது. சொந்த வண்டி இருக்குன்னு சொல்லித்தான் இந்த நர்ஸ் வேலையையே வாங்கியிருக்கேன்.

மெக்கானிக்: வேற வண்டி பாத்துத் தரேன்.

தங்கை: ரெண்டு மாசமா இதையேதான் சொல்ற. என் கைக்கு எட்டுறது இது ஒண்ணுதான்.

மெக்கானிக்: எட்டுற வண்டியெல்லாம் ஓடுற வண்டி ஆயிடாது.

தங்கை: அப்போ குறை என்ன? சொல்லு.

மெக்கானிக்: டயரு...

கடைக்காரர்: நாலும் போன வருஷம் மாத்தினது. பில் இருக்கு.

மெக்கானிக்: இன்ஜின் சத்தம்...

தங்கை: தூங்குற குழந்தை மாதிரி மூச்சு விடுதுன்னு நீதானே சொன்ன?

மெக்கானிக்: கலரு! கலரை மாத்தியிருக்காங்க. முதல்ல சாம்பல் கலர்ல இருந்த வண்டி இது.

கடைக்காரர்: ஆர்.சி. புக்லயே மாத்தி எழுதியிருக்கு. என் பொண்ணு வெள்ளைதான் வேணும்னா. ஆனா... நீங்க இன்னும் புக்கைத் தொறக்கவே இல்லையே தம்பி. சாம்பல்னு எப்படி?

மெக்கானிக்: ...கதவு இடுக்குல தெரியுது.

கடைக்காரர்: அப்படியா.

தங்கை: அண்ணே, நீ எதையோ முழுங்குற. சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். பொய் சொன்னா எதையாவது எடுத்துக் கையைத் தொடச்சுக்கிட்டே இருப்ப. கை எப்பவோ சுத்தமாயிடுச்சு, இன்னும் தொடைக்கிற.

மெக்கானிக்: சரி, கேட்டுக்க. மீட்டரைக் குறைச்சிருக்காங்க. எண்பத்தி ரெண்டாயிரம்னு காட்டுதுல்ல? நெசத்துல ஒன்றரை லட்சத்தைத் தாண்டியாச்சு. போதுமா?

தங்கை: எப்படித் தெரியும்?

மெக்கானிக்: மூடிக்கு உள்பக்கம் எழுதியிருக்கு. சில மெக்கானிக்குக்கு அந்தப் பழக்கம் உண்டு. சர்வீஸ் பண்ணின தேதியையும் கிலோமீட்டரையும் அங்க குறிச்சு வைப்பாங்க. கடைசியா எழுதினது ஆறு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது.

கடைக்காரர்: அதுக்குப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் நான் வாங்கினேன். அப்போ மீட்டர்ல நாப்பத்தோராயிரம்.

மெக்கானிக்: அது நீங்க சொல்றது.

கடைக்காரர்: என்னது?

மெக்கானிக்: இல்ல சார்... யாரு குறைச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? வச்சிருந்தவங்களைத்தானே கேக்கணும்?

கடைக்காரர்: ஆறு வருஷமா வச்சிருந்தவன் நான். அப்போ நான் திருடன்.

மெக்கானிக்: நான் அப்படிச் சொல்லலையே...

கடைக்காரர்: வேற எப்படிச் சொன்னீங்க? சொன்னா முழுசாச் சொல்லணும் தம்பி. பாதியைச் சொல்லிட்டு மீதியை அடுத்தவன் தலையில ஏத்தக் கூடாது. நான் முழுசாச் சொல்றேன், கேளுங்க. இன்ஜினுக்குள்ள ஓடுற டைமிங் பெல்ட்டை ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணுமாம். மீட்டர் அறுபத்து மூணாயிரம்னு காட்டுது. நான் எதுக்கு மாத்தப் போறேன்? மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலையில, ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டுல, அறுந்து வண்டி நின்னுடுச்சு. பக்கத்து சீட்டுல என் பொண்ணு. அன்னைக்கு மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு. ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திட்டாங்க. நாங்க போய்ச் சேந்தது பத்தே காலுக்கு.

தங்கை: அந்த வருஷம்...

கடைக்காரர்: போச்சு. அடுத்த வருஷம் அவ எழுதல. ‘இனிமே என்னால முடியாதுப்பா’ன்னுட்டா. இப்போ என் கடையில ஃபிரேம் துடைக்கிறா. நல்லாத்தான் துடைக்கிறா.

தங்கை: அண்ணே. அந்தத் துணியைக் கீழ வை.

மெக்கானிக்: சார்... வண்டியை உங்களுக்கு முடிச்சுக் குடுத்தது ஒரு தரகர்தானே? கட்டை மீசை, எப்பவும் வெள்ளைச் சட்டை?

கடைக்காரர்: ஆமா.

மெக்கானிக்: மாசம் பத்து வண்டி எனக்கு அனுப்புவாரு. நான் புதுசா ஷெட் போட்ட நேரம். ‘இது ஒண்ணுக்கு மட்டும் மீட்டரைக் குறைச்சுக் குடு’ன்னாரு. மாட்டேன்னா பத்தும் அடுத்த ஷெட்டுக்குப் போயிடும். அரை மணி நேர வேலை... குறைச்சேன்.

கடைக்காரர்: குறைச்சீங்க.

மெக்கானிக்: ஆமா சார். நான்தான்.

தங்கை: மீட்டர்ல பொய்யை வச்சிட்டு, மூடியில மட்டும் நெசத்தையா எழுதின?

மெக்கானிக்: மூடியில எழுதினது முந்தின நாள், சர்வீஸ் முடிச்ச கையோட. மறுநாள் அதை அழிக்கத்தான் போனேன். துணியில தின்னரைக்கூட நனைச்சாச்சு. ஆனா கை வரல. பாக்கிறவன் பாத்துக்கட்டும்னு மூடிட்டேன்.

கடைக்காரர்: கண்ணாடி விக்கிறவன் நான். மூடியைத் தொறந்து பாக்கணும்னு எனக்கு யாரு சொல்லுவா? பெல்ட்டு அறுந்தப்புறம், மாத்தினவர் காட்டித்தானே எனக்கே தெரியும்?

மெக்கானிக்: பெல்ட்டை மாத்துங்கன்னு ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்பியிருக்கணும். அதையும் செய்யல... உங்க பொண்ணுகிட்ட நான் வந்து சொல்லலாமா சார்?

கடைக்காரர்: வந்து சொல்லுங்க. ஒன்பது மணிக்கு அவதான் கடையைத் தொறப்பா. ‘தலை பின்ன நேரமாச்சு, நான் சீக்கிரம் கிளம்பியிருக்கணும்’னு மூணு வருஷமா தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா. அது அவ தப்பு இல்லைன்னு நான் சொன்னா, அப்பா சமாதானம் சொல்றாருன்னு நினைச்சுக்கிறா.

மெக்கானிக்: வரேன். நாளைக்கே வரேன்.

தங்கை: வண்டி?

மெக்கானிக்: இனிமே என் பேச்சை நம்பி நீ எதையும் வாங்க வேணாம் பாப்பா. வேற ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டு. அவனும் இதைத்தான் சொல்லுவான். பெல்ட்டு மாத்தி மூணு வருஷம்தான் ஆச்சு, அடியில துரு இல்ல. ஒன்றரை லட்சம்னு தெரிஞ்சு, அதுக்கேத்த விலைக்கு வாங்கினா, நல்ல வண்டி. ஆனா அந்த மூணாவது கிளிப்பைச் சரியா மாட்டணும். இல்லேன்னா தூசி உள்ள போகும். யாரு தொறந்தாங்கன்னு அப்பவே கேட்டேன்... நீங்க சொல்லவே இல்லையே சார்?

கடைக்காரர்: சொல்ல வேணாம்னு ஒருத்தங்க கேட்டுக்கிட்டாங்க.

தங்கை: நான்தாண்ணே. நேத்து சாயங்காலம் தனியா வந்தேன். தெரியாம யாரும் வாங்கிடக் கூடாதுன்னு சாரே மூடியைத் தொறந்து காட்டினாரு. எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த கையெழுத்து, எனக்குத் தெரியாதா? எழுதினது நீன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. குறைச்சது யாருன்னுதான் தெரியல. நீயே சொல்றியான்னு பாக்கத்தான் சாரைச் சொல்ல வேணாம்னேன். மூடியை நான்தான் திரும்ப மூடினேன். ரெண்டு கிளிப் போட்டுட்டேன்... மூணாவதை அழுத்தாமலே வீட்டுக்கு ஓடி வந்துட்டேன்.