வீட்டு மீட்டர், கம்பெனி மீட்டர்

அந்த மூலையில் எரிகிற விளக்கை அணைத்துவிடலாமா சார்? ஜன்னல் வெளிச்சமே தாராளமாக இருக்கிறது. யார் வீட்டுக் கரண்டாக இருந்தாலும் வீணாவதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். நன்றி. இப்போது சொல்கிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மாமனார் வீட்டில்தான் குடியிருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் பேசுவது காதில் விழும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மாமனார் மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறித்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ரீடிங்’தான். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. அதன்பிறகு ஒரு கட்டிலும், அதன் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற ஓர் இயந்திரமும்தான் அவருடைய உலகம். அது நின்றால் அரைமணி நேரம் தாங்குவார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். நான் எதையும் மறைக்க விரும்பவில்லை.

என் தொழில் கிரிப்டோ சுரங்கம். பெயரைக் கேட்டு மண்வெட்டி தேடவேண்டாம். எட்டுக் கணினிகள் இராப்பகலாக ஏதோ ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். தேடிய பங்குக்குக் கூலியாக அவ்வப்போது ஒரு நாணயத்தின் துணுக்கு என் கணக்கில் வந்து விழும். கையால் தொட முடியாத நாணயம். மாமனாருக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

“சுரங்கம் சுரங்கம்ங்கறீங்க, ஒரு கூடை மண்ணு வெளிய வந்து நான் பாக்கலையே மாப்ளே. மீட்டர்தான் ரங்கராட்டினம் மாதிரி சுத்துது.”

கைப்பேசியில் இருந்த தொகையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நானும் வாழ்க்கை பூரா நம்பர் குறிச்சவன்தான். ஆனா எதோட நம்பர்னு தெரியாம ஒருநாளும் குறிச்சதில்ல” என்றார். நல்ல மனிதர். எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் தனிநபராகவே வரிக்கணக்குக் கொடுத்தேன். நாணயம் வந்து விழுந்த நிமிடத்தில் அதற்கு என்ன விலையோ அதுதான் என் வருமானமாம். விழுந்தபோது உச்சாணிக் கொம்பில் இருந்த விலை, நான் வரி கட்டப் போன நாளில் பாதாளத்தில் கிடந்தது. சட்டம் கொம்பைத்தான் பார்த்தது. கரண்ட் பில்லையாவது கழிக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன்.

“முடியாதுங்க. தனியாளா வீட்ல பண்ணா அது பொழுதுபோக்கு. சட்டத்துக்கு நீங்களும் ஒண்ணுதான், கிளி வளக்கறவரும் ஒண்ணுதான். கிளிக்குப் போட்ட கொய்யாப்பழத்த யாராவது கழிப்பாங்களா?”

“கம்பெனியா பண்ணா?”

“கம்பெனின்னா கதையே வேற. கரண்டு, ஏசி, ரூம் வாடகை, மெஷின் தேய்மானம் எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் வரி. ஆனா ஒண்ணு. உங்க சொந்தச் செலவும் கம்பெனிச் செலவும் ஒட்டவே கூடாது. எண்ணெயும் தண்ணியுமா இருக்கணும்.”

அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பலர் இப்படிப்பட்ட அறிவுரையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். நான் அப்படி வளர்ந்தவன் இல்லை.

கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள் வேண்டும். நான் ஒருவன். இன்னொருவர் மாமனார். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். “சாகப்போற நேரத்துல முதலாளி ஆயிட்டேனா” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பிறகு அடங்கியது. வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அவருடையதுதான். வெயில் விழாது. எனவே கணினிகளை அங்கே மாற்றி, அறைக்குக் கம்பெனி பெயரில் தனி மீட்டரும், மின்வெட்டு வந்தால் கணினிகள் நிற்காமலிருக்கப் பெரிய பேட்டரிகளும் வைத்தேன். பேட்டரிக்கு இடம் தேவைப்பட்டது. அந்த மூலையில் அவசரத்துக்கென்று ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றிருந்தது. சூடான இயந்திரங்களுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. பாதுகாப்பு கருதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கட்டிலைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன். நாடாவுக்கு அந்தப்பக்கம் கம்பெனி, இந்தப்பக்கம் குடும்பம். ஆனால் ஏசியின் குளிர் நாடாவைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குளிருக்கு வரிச்சட்டம் தெரியாது. நடுவில் பிளாஸ்டிக் திரை கட்டித் தடுத்தேன்.

மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“என்னங்க, அப்பா வேர்த்து ஊத்திக் கெடக்கறாரு. அந்த ஷீட்ட எடுத்துடுங்க.”

“ஏசி கம்பெனியோடது.”

“அப்பாவும்தான் கம்பெனி. நீங்கதானே கையெழுத்து வாங்குனீங்க?”

இயக்குநருக்குக் கம்பெனி குளிர் கொடுத்தால் அது சலுகை, சலுகைக்கு மதிப்புப் போட்டு வரி கட்டவேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் போய் ஒரு மேசை விசிறி வாங்கி வந்தாள். அதை வீட்டு மீட்டரில்தான் சொருகவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து வரித்துறையிலிருந்து ஓர் அதிகாரி அறையைப் பார்வையிட வந்தார். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்மணிக்கு. ஒவ்வொரு வயராகக் கையால் தொடர்ந்து வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது யாரோடது?”

ஆக்சிஜன் இயந்திரம் கம்பெனி ப்ளக்கில் சொருகியிருந்தது. நான் அத்தனை பிரித்தும் அது என் கண்ணில் படவில்லை. ஆரம்பத்திலிருந்தே அந்தச் சுவரில்தான் இருந்தது, அதனால் இருக்கலாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இப்படி ஒரு ப்ளக் இருந்தா மொத்த கரண்ட் பில்லையுமே கழிக்க முடியாதுன்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இருக்கு. இந்தத் தடவ விட்டுடறேன். பெரியவருக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரி வாங்கி வெச்சுடுங்க, பாவம்” என்றார்.

அன்றே இயந்திரத்தை வீட்டு லைனுக்கு மாற்றினேன். சின்ன பேட்டரியின் விலையையும் விசாரித்தேன். என் கணினிகளில் ஒன்றின் விலையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அது சொந்தச் செலவு. கழிக்க வழியில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன். மனைவி காலையில் “அப்பாவ பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் மூன்று மணிக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. விசிறி நின்றது. ஆக்சிஜன் இயந்திரம் கூவிவிட்டு நின்றது. என் கணினிகள் எட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போல, நாணயம் விழுகிற நேரத்தையும் விலையையும் குறிக்கிற நோட்டுடன் நாற்காலியில் இருந்தேன்.

மாமனார் திரைக்கு அந்தப்பக்கத்திலிருந்து கையை நீட்டினார். கம்பெனி ப்ளக் அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

“மாப்ளே. அதுல... சொருகுங்க.”

“அது கம்பெனி லைன் மாமா. கரண்ட் இப்ப வந்துடும்.”

“முன்னூறு வாட்டுதான். ஒரு மணி நேரம் ஓடுனாலும்... கால் யூனிட்டு... கொஞ்சம் கூட.”

கணக்குச் சரிதான். முப்பத்தொரு வருட அனுபவம் இல்லையா. ஆனால் வரிச்சட்டத்தில் கால் யூனிட்டுக்கு விலக்கு இல்லை.

அவரும் இயக்குநர்தானே, சலுகையாகக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன், நியாயமாக நடக்கவேண்டும் என்றுதான். எழுந்துபோய் அலமாரியிலிருந்து, ஆடிட்டர் கொடுத்திருந்த சலுகைப் படிவத்தை எடுத்துப் படித்தேன். பயன்படுத்துவதற்கு முன்பே இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும் என்று இருந்தது. படிவத்தையும் பேனாவையும் அவரிடம் கொடுத்தேன். பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது முறை அவர் வாங்கவில்லை.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாப்ளே” என்றார்.

ப்ளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திரைக்கு இந்தப்பக்கம் என் கை, அந்தப்பக்கம் அவர் கை. மூன்று நாற்பதுக்கு ஒரு நாணயத் துணுக்கு கணக்கில் வந்து விழுந்தது. வந்து விழும் நிமிடத்து விலைதானே வருமானம், உடனே குறிக்கவேண்டியிருந்தது. அவர் கையை விட்டுவிட்டுக் குறித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அடங்கியிருந்தார். பேட்டரியில் அறுபத்திரண்டு சதவீதம் மிச்சமிருந்தது. அதையும் குறித்திருக்கிறேன். நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

ப்ளக்கை நான் பிடுங்கினேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் இருக்கிறாள், அதனால் திருத்துகிறேன். அன்று நான் எதையும் பிடுங்கவில்லை. சொருகவில்லை, அவ்வளவுதான். சொருகினால் பிழைப்பார் என்று தெரியும். சொருகக்கூடாது என்றும் தெரியும். அன்றைய கம்பெனி கரண்டில் ஒரு துளிகூடச் சொந்த உபயோகத்துக்குப் போகவில்லை. எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் என் கணக்கில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

நான்கு பத்துக்குக் கரண்ட் வந்தது. ஆக்சிஜன் இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. மாமனாரின் மூக்கில் இருந்த குழாயில் காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. நான் எழுந்துபோய் அதை அணைத்தேன். வீட்டு மீட்டர் சார். அதற்குக் கழிவு கிடையாது.