நடுச்சுவரைக் காட்டிச் சமஷ்டி படிப்பித்த ஐரின் டீச்சருக்கு

அரசறிவியலின் அணிகலனே, அஞ்சாத நெஞ்சத்து ஆசிரியமணியே, மடுல்கெல்ல மலையிலிருந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் விடிகாலை பஸ் ஏறி வந்து, கண்டி மாநகரின் எங்கள் கல்லூரிக்குக் கல்வியோடு கண்ணியமும் கற்பித்த திருமதி ஐரின் அம்புறோஸ் அவர்களே! பணி நிறைவு காணும் உங்களைப் பணிந்து வணங்குகிறோம்.

வாழ்த்தத்தான் கூடியிருக்கிறோம். உள்ளதைச் சொன்னால், பயந்துகொண்டுதான் கூடியிருக்கிறோம்; சமஷ்டி என்றாலே பிரிவினை என்று சந்தேகிக்கிற நாடு இது. இம்மடலை எழுத உட்கார்ந்தபோதே, "சமஷ்டிங்கிற சொல்ல விட்டுருங்க, பொதுவா அரசியலமைப்புன்னு போடுங்க" என்றார் நண்பர் ஷிராஸ். அவரைக் குறை சொல்ல மாட்டோம், அவர் நாலு பிள்ளைகளின் தகப்பன். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் உங்களைப் பற்றிச் சொல்ல எங்களிடம் என்ன மிச்சம்?

மத்திக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் பிரிந்திருக்கும், பிரித்தது எழுத்தில் இருக்கும், எழுதியதை ஒரு தரப்புத் தனியே திருத்த முடியாது, தகராறு வந்தால் எத்தரப்புக்கும் அடங்காத நீதிமன்றம் தீர்க்கும் என்ற தத்துவங்களைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் மறவாதபடி மனத்தில் பதித்தீர்கள். "லயத்துல ரெண்டு காம்பராவுக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கு. இந்த வீட்டுக்காரர் தனியா இடிக்கலாமா? அந்த வீட்டுக்காரர்? ரெண்டு பேரும் சம்மதிக்கணும். அதுதான் நெகிழா அரசியல் யாப்பு" என்பீர்கள். சனத்தொகை குறைந்த மாநிலத்துக்கும் இரண்டாம் சபையில் சமமான இடம் உண்டு என்று நீங்கள் சொல்லும்போது, பின்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நாலாண்டுகளுக்கு முன்னர், நீங்கள் லீவில் இருந்த ஒரு நாள், முன்பின் தெரியாத இருவர் வந்தார்கள். பிள்ளைகள் வரைந்து ஒட்டியிருந்த சமஷ்டி அட்டவணையை ஃபோனில் படமெடுத்தார்கள், உங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, வகுப்பின் பாடப் பதிவேட்டில் நீங்கள் எழுதியிருந்த 'சமஷ்டி யாப்பு' என்பதை அழித்து, பழைய பாடத்தைத் திரும்பப் பார்த்ததாக 'மீட்டல்' என்று எழுதினோம். உதவப் போய் உபத்திரவமே செய்தோம். கல்விப் பணிமனையிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் உங்கள் பாடக்குறிப்பில் ஒன்றையும் பதிவேட்டில் வேறொன்றையும் கண்டார்கள். மறைத்துப் பாடம் நடத்தியதாக எச்சரிக்கைக் கடிதம் உங்கள் பணிக் கோவையில் ஏறியது, கைக்கெட்டிய கல்லூரிப் பிரதி அதிபர் பதவி கைமாறிப் போனது.

யார் மாற்றியது என்று உங்களிடம் கேட்டார்கள். அந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பத்து வருடம் பார்த்த எழுத்து. "படிப்பிச்சது நான். சிலபஸ்ல இருக்கிறதத்தான் படிப்பிச்சேன். வேற ஒன்னும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். மறுநாள் அதே அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்தீர்கள். நாங்கள் ஆசிரியர் அறையில் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

கல்விக் கடலே, கடமையில் கற்பாறையே! உடல் நலமும் உள நிறைவும் குன்றாமல், பேரப்பிள்ளைகளோடு பல்லாண்டு வாழ இறைவனை இறைஞ்சுகிறோம்.

இவ்வண்ணம்,
ஆசிரியர் குழாம்

குழாத்தின் வாழ்த்து அவ்வளவுதான். இனி வருவது உங்கள் முன் நின்று இதை வாசிக்கிற என்னுடைய வரி. 'எழுதினோம்' என்று மேலே வாசித்தேன். நாலாண்டுகளாக அந்தப் பன்மைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருந்தேன், எழுதியது ஒரு கை. உங்கள் ஓய்வோடு பணிக் கோவையை மூடிவிட்டால் அந்தப் பழி அதில் அப்படியே கிடக்கும். அதனால் உண்மையை எழுதி, இன்று காலை கல்விப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்ன நடக்கும் என்று தெரியாது. இப்போதும் கதவுப் பக்கமே கண் போகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், டீச்சர்.

பதிவேட்டை மாற்றியவள்,
எம். பஸீஹா
புவியியல் ஆசிரியை