நிறத்தை மட்டும் நம்பாத வெள்ளியங்கிரி ஆசிரியர்

கனத்த நெஞ்சோடு மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, கண் கலங்கி அமர்ந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே!

மறைந்த நம் வேதியியல் முதுகலை ஆசிரியர் வெள்ளியங்கிரி அவர்களை முதன்முதலில் நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? திருடனாகப் பார்த்தேன்! ஆம், இந்த ஷாநவாஸ் அப்போது வேறு பள்ளியிலிருந்து நம் சரவணம்பட்டிப் பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் புறத்தேர்வாளராக வந்தவன். முந்தைய ஆண்டு செய்முறைத் தேர்வில் அவருடைய பிள்ளைகள் அத்தனை பேரும் முழு மதிப்பெண். எப்படி? என்ன சேர்மம் வரும் என்று முன்கூட்டியே காதில் ஓதிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஊரில் நடக்காததா?

அதனால் யாருக்கும் சொல்லாமல், தேர்வுக்கென எடுத்து வைத்திருந்த சின்னமிக் அமிலப் புட்டியில் சாலிசிலிக் அமிலத்தை நிரப்பினேன். இரண்டும் வெள்ளைத் தூள். இரண்டுமே புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும். முதலாவதில் நடப்பது சேர்க்கை வினை, மற்றதில் பதிலீட்டு வினை. ஓதியதை நம்பி 'சேர்க்கை' என்று எழுதட்டும், கையும் களவுமாகப் பிடிப்போம் என்று காத்திருந்தேன்.

ஒரு பிள்ளைகூட அப்படி எழுதவில்லை! நித்யஸ்ரீ என்ற மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நிறம் போச்சுங்க சார். ஆனா வெள்ளையா வீழ்படிவு வந்துச்சுங்க. அப்ப பதிலீடுதானுங்களே? நிறத்த மட்டும் நம்பாதீங்கன்னு எங்க சார் சொல்லியிருக்காருங்க."

வெட்கிப்போய் அவரிடமே ஒப்புக்கொண்டேன். கோபித்தாரா? விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க, வாரா வாரம் புட்டிய மாத்தி வெச்சுத்தான் நானே சொல்லித்தாரேன். அதையே நீங்களும் செஞ்சுபோட்டீங்க! பேசாம எங்க பள்ளிக்கூடத்துக்கே வந்துருங்க" என்றார். மறு ஆண்டே வந்துவிட்டேன்.

சேர்க்கை, பதிலீடு, நீக்கல் என்று நெட்டுருப் போட்டாலும் மதிப்பெண் வரும். கண்ணால் பார்த்து, சந்தேகப்பட்டு, மறுபடி பார்க்கும் புத்தி வருமா? அதைத் தந்தவர் வெள்ளியங்கிரி!

அவர் மாரடைப்பால் இறந்தது கோடை விடுமுறையில், தம் வீட்டில். அப்படியிருக்க, ஆய்வகப் புகைதான் அவரைக் கொன்றது என்ற பேச்சைக் கிளப்பியவர் யார்? ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வீடியோ காட்டினால் போதும் என்ற யோசனை அதே வாரத்தில் ஏன் முளைத்தது? அவர் படத்துக்கு மாலை போட்ட கைகளைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மன்னியுங்கள், பழகிய இடம் அப்படி!

தாளாளர் அவர்களே, ஆய்வகத்தைப் பூட்டமாட்டோம் என்று இந்த மேடையிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் அத்தனை பேரோடும் வந்து, அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பேன்.