மூன்றாவது ஆட்டத்துக்கு நின்ற கூட்டம்

மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போதுதான் ஜனங்கள் சோளப்பொரி வாங்க எழுந்து போவார்கள். ஆலபாமாவில் நான் மல்யுத்தம் செய்த எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். கடைசி ஆட்டத்துக்குச் சாம்பியன் பட்டம் உண்டு. நடுவில் வருகிற எங்களுக்கு அது கிடையாது. பட்டமில்லாத சண்டை பெரிதாகத் தெரிய வேண்டுமானால், பார்க்கிறவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒரு வலியை அது தொட வேண்டும். அவ்வளவுதான் தொழில், ஷெரிஃப்.

லூலா ஹெண்ட்ரிக்ஸ், 'நானாகவேதான் செய்தேன்' என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் தம்பி டாயில் என்னோடுதான் ஆடிக்கொண்டிருந்தான். போன வருடம் ஓர் ஆட்டத்தில், எங்கள் கூட்டத்து மல்யுத்தக்காரன் ராய்ஸ் பீச்சம் அவனைத் தூக்கித் தரையில் போட்டபோது கழுத்து முறிந்தது. கழுத்துக்குக் கீழே இப்போது எதுவும் அசையாது. ராய்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அந்த அழுகை எனக்குப் போதவில்லை.

"வெர்லன், என்ன வேணாலும் கேளு, செய்றேன்" என்றான்.

நான் கேட்டேன். டாயில் விஷயத்தை வைத்தே நாம் இருவரும் பகையாளிகள் மாதிரி நடித்து மோதலாம், கூட்டம் வரும், டாயிலுக்கு உதவும் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"படுத்துக் கெடக்குற பையன் பேரைச் சொல்லியா? மனசு ஒப்பலடா."

"அவனுக்காகத்தான்டா" என்றேன். சம்மதித்தான்.

சனிக்கிழமை காலைத் தொலைக்காட்சி மல்யுத்த நிகழ்ச்சியில் நான் சத்தம் போடவில்லை. மற்றவர்கள் கத்துவார்கள். நான் டாயிலுக்குச் சாப்பாடு ஊட்டுவதை மட்டும் சொன்னேன். வேகவைத்த சோளக்கஞ்சியை எப்படி ஆற வைப்பேன், வாயோரம் எப்படித் துடைப்பேன் என்று. பிறகு ராய்ஸ் வந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி சிரித்தான்.

"உன் தம்பி கழுத்து கோழிக்கழுத்து மாதிரி இருந்துச்சுப்பா. லேசாத்தான் அமுக்குனேன்!"

அதைச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தான்.

பல வாரங்கள் நான் அவனை அடிக்கவே இல்லை. அதுதான் முக்கியம். நான் நெருங்கும்போதெல்லாம் அவன் தப்பித்துக்கொள்வான், நடுவர் பார்க்காதபோது என்னை உதைப்பான். நியாயம் இன்று கிடைக்கும், நாளை கிடைக்கும் என்று ஜனங்களைக் காக்க வைத்தேன். மூன்றாவது ஆட்டத்தின்போது பொரிக்கடையில் ஆளே இல்லாமல் போயிற்று.

முன்வரிசையில் லூலா இருந்தார். கோழி வெட்டும் ஆலையில் எலும்பு நீக்கும் வேலை. அவருடைய ஒரே மகனை ஒரு மரலாரி அடித்துக் கொன்றது. ஓட்டியவன் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் எனக்குப் பெக்கான் பருப்பு வைத்த இனிப்புப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து தருவார்.

"கண்ணு, அவன் சிரிக்கிறதைப் பாத்தா என் பிள்ளையைக் கொன்னவன் மொகந்தான் தெரியுது. எப்பத்தான்யா அவனை அடிப்பே?"

யார் ஜெயிப்பது என்று உள்ளேயே முடிவாகிவிடும். உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம்.

"என்னால முடியாதும்மா. அவனைத் தொட்டா வேலை போயிரும்னு முதலாளி சொல்லிட்டாரு. அப்பறம் டாயிலை யாரு பாப்பா? சட்டமும் கேக்காது. உங்க பிள்ளைக்கு மட்டும் கேட்டுச்சா?"

அந்தச் சொல் அவருக்குள் இறங்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"அடுத்த வாரம் அவன் உங்க நாற்காலி பக்கத்து நடைபாதை வழியாத்தான் ரிங்குக்குப் போவான்" என்றேன். "காவலுக்கு வர்ற பையனை நான் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவேன்."

அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

மீதியை நீங்கள் பார்த்தீர்கள். ஆலையில் கூர்தீட்டின கத்தி, வயிற்றில் ஒரே இழுப்பு. தொழில் தெரிந்த கை. ராய்ஸ் நடைபாதையில் விழுந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவும் ஆட்டம் என்றே நினைத்தார்கள். நான் ரிங்கில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்கு யாரையும் நான் கூப்பிடவில்லை.

ஆக, பகையை வளர்த்தது நான், ஆளைத் தேர்ந்தெடுத்தது நான், வழியைத் திறந்துவிட்டதும் நான். லூலா என் பெயரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார் போலும். இப்படியொரு வேலையை வேறொருவர் கணக்கில் எழுதுவது சரியில்லை.

டாயிலிடம் விசாரிப்பீர்கள். அவன் என்ன சொல்வான் என்று நானே சொல்லிவிடுகிறேன். முதல் சனிக்கிழமையே, தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, ராய்ஸ் மேல தப்பில்ல. அவன் தயாராகறதுக்கு முன்னாடி நான்தான் அவசரப்பட்டுத் தாவுனேன். நிறுத்துண்ணே. கெஞ்சிக் கேக்கறேன்."

ஒவ்வொரு வாரமும் சொன்னான். அதைத் தொலைக்காட்சியில் சொல்ல முடியாது. யார் மேலும் தப்பில்லாத சண்டையை எவன் பார்ப்பான்?

ராய்ஸ் செத்த செய்தியை அவனிடம் நானேதான் சொன்னேன். அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை. நான் அறைக்குள் வந்தாலே கண்களை இறுக மூடிக்கொள்கிறான். அவனுக்காக அண்ணன் இவ்வளவு செய்தானே என்று மனம் நிறைந்துபோயிருக்கிறான், வேறொன்றுமில்லை.